பாரப் பெட்டியில் வைத்த போன்

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அம்மா இருந்தாள். பெண்கள் பக்கம், முன்பாயில், தூணை ஒட்டி. பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் இருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து குளித்த ஈரத் தலையோடு அப்பா இருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நான் இருந்தேன். நீங்களும் இருந்தீர்கள், என்னோடு பின்பாயில் உட்கார்ந்து, ஒருவர் முதுகில் ஒருவர் விரலால் பெயர் எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தீர்கள். இல்லாதவன் அண்ணன் ஒருவன்தான். அப்பாவையும் இல்லாதவர்களோடு சேர்க்க வேண்டும் என்று பின்னால் எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

நமக்கெல்லாம் முப்பது நெருங்குகிறது. உங்களில் சிலர் திருநின்றவூர் பக்கம் மனை வாங்கிப் போய்விட்டீர்கள். சிலர் இன்னும் அப்பாக்கள் நுழைந்த அதே கம்பெனி கேட்டில் நுழைந்துகொண்டிருக்கிறீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியபோது யாரோ ஒருவர், "டேய், அந்தப் பொட்டி ஞாபகம் கீதா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் நீங்கள் பாதி பார்த்தவர்கள். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டி, நம் ஜெப வீட்டில் மேடைக்கு முன்னால், சிலுவைக்கு நேர் கீழே இருக்கும். எந்தக் கம்பெனிக்கோ வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்த பலகைகளைப் பிரித்துக் கொண்டுவந்து பாஸ்டரே ஆணியடித்துச் செய்தது. ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் அவரும் இரும்புக் கழிவு லோடு ஏற்றியவர்தான். பலகையில் கறுப்பு மையில் ஒரு குடையும் ஒரு கண்ணாடிக் கோப்பையும் அச்சடித்திருக்கும். மழைக்குக் குடை, தாகத்துக்குக் கோப்பை, இரண்டையும் ஆண்டவர் தருவார் என்று சண்டே கிளாஸ் அக்கா நமக்குச் சொல்லிக்கொடுத்தாள். நனையக் கூடாது, உடையும் பொருள் என்பதற்கான குறி அது என்று நான் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பாரப் பெட்டி என்று அதற்குப் பெயர். தீராத போராட்டம் உள்ளவர்கள் அதற்கு அடையாளமாக ஒரு பொருளைக் கொண்டுவந்து உள்ளே போட்டு, ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்க வேண்டும். குடிப்பவர் பாட்டில் மூடியைப் போடுவார். பிள்ளை இல்லாதவள் ஒரு குட்டிச் சட்டையைப் போடுவாள். ஒரு மாமியாரும் மருமகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒருவர் போட்டோவை ஒருவர் கொண்டுவந்து போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது. அதைப் பற்றிக் கவலைப்படவும் கூடாது. வருடக் கடைசியில் பாஸ்டர் எல்லாவற்றையும் ஏரிக்கரையில் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்.

போட்ட கையோடு சோதனை வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பீடிக் கட்டைப் போட்ட வாட்ச்மேனுக்கு மறுநாளே எவனோ லாரிக்காரன் முழு சிகரெட் பாக்கெட்டைச் சும்மா நீட்டினான். மூடி போட்டவருக்கு மிலிட்டரி மச்சான் பாட்டிலோடு வந்து இறங்கினான். கை நீட்டாதவர்கள் அடுத்த ஞாயிறு மைக் பிடித்துச் சாட்சி சொல்வார்கள். கை நீட்டியவர்கள் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

பெட்டிக்குப் பூட்டு கிடையாது. நம்மில் ஒருவன் பரீட்சைக்குப் பயந்து கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் போட்டான் அல்லவா? பாஸ்டர் மூடியைத் தூக்கி அதை எடுத்து, "கெவுருமெண்டு புக்குடா இது. ஆண்டவரு இத்த வச்சிக்கினு இன்னா பண்ணுவாரு?" என்று அதாலேயே அவன் தலையில் ஒரு தட்டு தட்டித் திருப்பிக் கொடுத்தார். போட்டதை எடுக்கலாம் என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்தது அது ஒன்றுதான். பின்னால் வேண்டியிருந்த நேரத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

*

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது பெரியவன். எட்டாவதோடு நின்றுவிட்டான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதுவும் கிடையாது. அவர்கள் சின்ன வயதில் ஆரம்பாக்கம் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். வயல் போய் கம்பெனி வந்ததும் அப்பா இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் சேர்ந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு இரண்டு உருளைகளுக்கு நடுவிலிருந்து சிவப்பாக நெளிந்து வரும். அதன் தலையை நீளமான குறட்டால் கவ்வித் திருப்பி அடுத்த உருளைக்குள் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடம் கொடுத்தார். அந்தச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். மற்றபடி நம் வாய் அசைவதைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் பதில் சொல்வார்.

காது கேட்காதவர் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை போகும்.

மேஸ்திரியிடம் கெஞ்சி அண்ணனையும் அதே மில்லில் சேர்த்தார். மூன்றாவது மாதம் ஒரு கம்பி உருளையில் நிற்காமல் தெறித்தது. அண்ணனின் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உரசிக்கொண்டு போனது. ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. ஆறிய பிறகு தோல் அங்கே மட்டும் இளஞ்சிவப்பாக, பாலாடை போலச் சுருங்கியிருந்தது. மறுபடி மில்லுக்குப் போக மாட்டேன் என்றான்.

ஒரு சாயங்காலம் டீக்கடை வாசலில் வைத்து அப்பா அவனிடம் தனியாகப் பேசத்தான் பார்த்தார். அவர் நினைப்பில் அது தனிப்பேச்சு.

"உன் வயசுல நான் தொடையில வாங்கிக்கினேன், மறுநாளு டூட்டி போனேன். மேஸ்திரி இன்னா கேக்குறான் தெரியுமா? உன் புள்ள பொட்டையாய்யான்னு கேக்குறான்."

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவன் சிரிப்பை டம்ளருக்குள் விட்டான். அண்ணன் தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். எனக்கே கேட்கவில்லை.

"இன்னா?" என்றார் அப்பா, காதுக்குப் பின்னால் கையை வைத்து. "இன்னாடா சொன்ன?"

அண்ணன் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவன் இல்லை. அரிசி டிரம்மின் மூடிமேல் அவனுடைய போன் இருந்தது. முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்பக்க மூடி நிற்காது. ரப்பர் பேண்ட் போட்டிருப்பான். அதற்கு ஒரு மணியோசையை அவனே ஒவ்வொரு பட்டனாகத் தட்டி உண்டாக்கியிருந்தான். எந்தப் பாட்டும் இல்லை. ஏறிக்கொண்டே போகும், நடுவில் ஒரு சத்தம் தப்பான இடத்தில் விழும், பிறகு சமாளித்துக்கொண்டு மேலே போகும். "மாத்துடா அத்த, கேக்க முடியல" என்று நானே சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும்டா. கூட்டத்துல அடிச்சா நம்ம போனுன்னு தெரியும்ல" என்றான்.

அம்மாவுக்கு அந்தப் போன்தான் நம்பிக்கை.

"இத்த வச்சிட்டுப் போயிருக்கான்னா இதுல பேசறதுக்குத்தான்யா. இல்லாங்காட்டி எடுத்துக்கினு போயி வித்திருப்பான்ல?" என்று அப்பாவின் காதருகே கத்திச் சொன்னாள்.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் அது ஒன்றுதான். அதனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

*

அந்தக் கோடையில் சாயங்காலமானால் கெமிக்கல் கம்பெனிப் பக்கமிருந்து அழுகின பூண்டு வாசனை வரும். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் இரும்புத் தூள் கறுப்பாக உட்காரும். அப்பா ஓய்வு நாட்களில் ரயில் ஏறி தடா, சூளூர்பேட்டை என்று வடக்கே ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்த்துவிட்டு வருவார். யாராவது பதில் சொன்னாலும் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்குமா என்று தெரியாது. செருப்பைக் கழற்றும்போதே அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

அம்மா துடைக்கப் பெருக்கப் போய்க்கொண்டிருந்த கம்பெனியில் செக்யூரிட்டி போனை உள்ளே விடமாட்டேன் என்றான். அவள் வேலையை விட்டாள். குழாயடிக்குப் போனாலும் இடுப்பில் போன். கக்கூஸுக்குப் போனாலும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன். ராத்திரி கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பாள். எங்கள் வீட்டில் எழுத்து படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் என்னை எழுப்புவாள்.

"டவரு கீதாடா நைனா?"

"கீதும்மா."

"எத்தினி கோடு?"

"மூணு."

"செத்த வெளிய போயி பாரேன், நாலு வருதான்னு."

அவள் இளைத்துக்கொண்டே போனாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கையை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். அன்றைக்குத்தான் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. டிபன் கேரியரில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து, அம்மாவுக்கு ஊட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"அவனை ஆண்டவர்கிட்ட ஒப்புக்குடுத்துட்டியாம்மா?"

"தெனமும் அழுது ஜெபம் பண்றேங்க்கா."

"அழறது வேற. ஒப்புக்குடுக்கறது வேற. பகல்ல அவரு கையில குடுக்கற, ராவுல வெடுக்குனு புடுங்கி உன் கன்னத்துக்குக் கீழ வச்சிக்கற. அவரு எப்பிடித்தான் வேல செய்வாரு, சொல்லு."

அம்மா போனைப் பார்த்தாள்.

"இந்தப் போனுதான் உன் பாரம்" என்றார் பாஸ்டரம்மா. "உன் புள்ள இல்ல. இது."

அப்பா வாசலில் நின்று இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டரம்மா போன பிறகு அம்மா அவர் காதருகே எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, "போட்டுரு மே. நீ சாப்ட்டுத் தூங்குனா போதும் எனக்கு" என்றார். தெருவே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அம்மா போனைப் பெட்டியில் வைத்தாள். போடவில்லை. குனிந்து, கையை உள்ளே விட்டு, அடியில் வைத்தாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் அவள் தலைமேல் கைவைத்து ஜெபித்தபோது அவரே அழுதார். பலகை இடுக்கில் பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அணைந்தது.

அதற்கு முந்தின ராத்திரி முழுவதும் அவள் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தாள். காலையில் என்னிடம் காட்டி, "ஃபுல்லா கீதா பாரு" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பெட்டியில் வைக்கப் போகும் போனுக்கு எதற்காகச் சார்ஜ் என்று இன்றுவரை நான் அவளைக் கேட்டதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வாரம் அம்மா தூங்கினாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள், இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். மிளகாய் வாசனையில் தும்மி, தும்மியதற்குத் தானே சிரித்தாள். அது நடிப்பு இல்லை. ஏதோ ஒன்று நிஜமாகவே அவளிடமிருந்து இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் இதை யார்மேலும் கோபமாக எழுத எனக்கு வரவில்லை.

*

இனி அந்த வெள்ளிக்கிழமை.

உச்சிவெயில். கூரை சிமெண்ட் ஷீட் என்பதால் சூடு தலைமேல் கவிழ்ந்த மாதிரி இருந்தது. மில்லில் கரண்டு உலை போட்டார்கள் போல. எப்போதும்போல ட்யூப் லைட்டுகள் மங்கி, ஃபேன்கள் தளர்ந்தன. பாஸ்டர் கண்ணை மூடி மெல்லிய குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார். பசி மயக்கத்தில் எல்லோரும் அமைதியாக இருந்தோம்.

பெட்டிக்குள்ளிருந்து அது ஒலித்தது.

முதலில் மரத்தில் அதிரும் உறுமல். பிறகு அந்த மணியோசை. ஏறிக்கொண்டே போய், தப்பான இடத்தில் விழுந்து, சமாளித்துக்கொண்டு மேலே போனது. என் முதுகில் எழுதிக்கொண்டிருந்த விரல் நின்றது. அது உங்களில் யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும். நீங்களும் என்னைப் போலவே அம்மாவைத்தான் பார்த்தீர்கள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கோரை நொறுங்கும் சத்தம் வரும் என்று எனக்குத் தோன்றியது. பாஸ்டரம்மா நகர்ந்து வந்து அவள் தோளில் கை போட்டு, "விட்றாத. சோதனை. விட்றாத" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பாஸ்டரின் குரல் உயர்ந்தது. "அல்லேலூயா" என்று யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் மணியோசை இரண்டாவது தடவை ஏறியது, தப்பான இடத்தில் விழுந்தது, ஏறியது. பிறகு நின்றது. எல்லோரும் இன்னும் கொஞ்ச நேரம் கைதட்டினார்கள்.

நான் அப்பாவைத் தேடினேன். அவர் கண்ணை இறுக மூடி, உதடு அசைய, தனக்குத் தெரிந்த நான்கு வார்த்தை ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் மூன்று வரிசை.

ஜெபம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்: "இன்னாமே, நடுவுல எல்லாரும் உன்னியே பாத்தாங்க?"

"கரண்டு மங்குச்சில்ல. அதுக்குத்தான்" என்றாள் அம்மா, அவர் காதருகே கூடப் போகாமல். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. அப்பா அவள் உதட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவள் அதற்கு முன்னால் மைக்கைத் தொட்டதே இல்லை. வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கர் பெட்டி ஆண்கள் பக்கம், அப்பா உட்காரும் இடத்துக்கு மேலே ஆணியில் தொங்கியது.

"வெள்ளிக்கெழம எனக்கு சோதனை வந்திச்சி" என்றாள். "என் புள்ள போனு பெட்டில அடிச்சிச்சி. நீங்கெல்லாம் கேட்டீங்க. நான் எந்திரிக்கல. ஆண்டவரு என்னைய எந்திரிக்க விடல."

ஸ்தோத்திரம் என்றார்கள் எல்லோரும்.

அப்பா எழுந்தார். ஸ்பீக்கர் வழியாக வந்த ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டிருந்தது. கொஞ்ச நேரம், தூக்கத்தில் எழுப்பியவர் மாதிரி, ஸ்பீக்கரையே பார்த்தார். பிறகு பாய்களுக்கு நடுவே நடந்தார். யாருடைய பைபிளையோ மிதித்துவிட்டு, குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மறுபடி நடந்தார்.

"பிரதர், வேணாம் பிரதர். ஆண்டவருக்குக் குடுத்தது" என்று ஒருவர் கையைப் பிடித்தார்.

"எனக்குக் கேக்கலய்யா" என்றார் அப்பா. அவர் அன்று கத்தவில்லை. ஆனாலும் நமக்கெல்லாம் கேட்டது. "எனக்குக் கேக்கவே இல்லய்யா."

பாஸ்டர் மைக்கை அணைத்தார். "விடுங்க. எடுக்கட்டும்" என்றார்.

அப்பா பெட்டியைத் திறந்தார். ஒரு குட்டிச் சட்டையை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து போனை எடுத்தார். அது செத்துப்போயிருந்தது. அம்மா மைக்கை இன்னும் பிடித்துக்கொண்டு, அணைந்த மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

வீட்டில் சார்ஜ் போட்டு உயிர் வந்ததும் என் கையில் கொடுத்தார்கள். எடுக்காத அழைப்புகள் என்று திரையில் இருந்தது. ஒன்று இல்லை. எல்லாம் ஒரே நம்பர். பூஜ்ஜியம் எட்டில் தொடங்கும் ஆந்திரா லேண்ட்லைன். வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் ஒன்று. அன்று சாயங்காலம் ஒன்று. இருட்டிய பிறகு ஒன்று. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஒன்று. பூட்டிய ஜெப வீட்டுக்குள், கேட்க ஆளில்லாமல், அந்த மணியோசை ஏறி விழுந்து ஏறியிருக்கிறது.

நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அம்மா அழவில்லை. போனை வாங்கிப் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். "பசிச்சிருக்கும்" என்றாள்.

அந்த நம்பருக்கு நான்தான் போட்டேன். "எவரு?" என்று ஒரு கிழட்டுக் குரல் தெலுங்கில் கேட்டது. அண்ணனைப் பற்றிச் சொன்னேன். "இது காயின் பாக்ஸுப்பா. கூடூரு. ஸ்டேஷனு எதிர்க்க டீக்கடை" என்று தமிழும் தெலுங்குமாகச் சொன்னது.

மறுநாள் முதல் வண்டியில் நானும் அப்பாவும் கூடூர் போனோம். அவருக்குக் காதாக நான். கடை வாசலில், சிவப்புப் பெட்டி போன் ஒன்று சங்கிலியால் தூணோடு கட்டியிருந்தது. கடைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு இழுத்துக் காட்டினார்.

"இங்க தழும்பு. அந்தப் புள்ளதானே? ரெண்டு நாளு அதோ அந்த பெஞ்சுலதான் இருந்தான். கால்வாய் வேலைக்கு ஆளு ஏத்திக்கினு போற லாரி சனிக்கெழம வந்திச்சி. ஏறிட்டான்."

"எந்த ஊருக்கு?" என்று கேட்டேன்.

"மேக்கால எங்கியோ. லாரிக்காரன் யாருக்கு ஊரு சொல்லுவான்."

"இன்னாடா சொல்றாரு?" என்றார் அப்பா. "இன்னா சொல்றாரு?"

நான் அவர் காதில் சொன்னேன். அவர் போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார எனக்கு இடம் விடவில்லை. ஒரு ஆள் உட்காரும் அளவு அவர் பக்கத்தில் காலியாக இருந்தது, ஆனால் அதில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து போன் வரவில்லை. பல வருடம் தேடினோம். எங்கே இருக்கிறான் என்று இன்னும் தெரியாது.

*

நாங்கள் திரும்பி வந்த வாரம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "நானும் கேட்டேன்யா அந்த சத்தத்த. என் வாயிதான் பெரிசா ஜெபிச்சிச்சி, காது அங்கியேதான் இருந்திச்சி" என்றார். அப்பாவுக்கு அது கேட்டதா தெரியவில்லை. எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருடக் கடைசியில் புதைக்க வேண்டியதைப் புதைத்த பிறகு பாஸ்டர் பெட்டியைப் பிரித்துவிட்டார். குடையும் கோப்பையும் போட்ட பலகை வெகுநாள் செருப்பு விடும் இடத்தில் கிடந்தது. நாம் அதன்மேல் ஏறி நின்று கால் கழுவியிருக்கிறோம்.

பாஸ்டரம்மா போன வருடம் படுக்கையில் இருந்தபோது என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். அந்த வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகும், மறுநாள் விடியலிலும் பெட்டி ஒலித்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர்கள் வீட்டுச் சுவரும் ஜெப வீட்டுச் சுவரும் ஒன்றுதானே. "முழங்கால் போட்டு ஜெபிச்சேன்டா நைனா, அது நிக்கணும்னு" என்றார். "நின்னுச்சி." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அதே ஜெப வீட்டுக்குத்தான் போகிறாள். விசுவாசத்தை விட்டுவிட்டாளா என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இல்லை. நானும் விடவில்லை. தினமும் காலையில் அண்ணனின் பெயரைச் சொல்லி, "உம்ம கையில குடுக்கறேன் ஆண்டவரே" என்கிறாள். இன்னொரு கையில் அந்த நம்பர் போட்ட போன் இருக்கிறது. வேறு போன், அதே நம்பர், நான் போட்டுக்கொடுத்த அதே மணியோசை. அதற்கு ரீசார்ஜ் தவறவிட்டால் எனக்குச் சோறு கிடையாது. "நேத்துதான் குடுத்தியேம்மா" என்று ஒருநாள் கேட்டேன்.

"நேத்து குடுத்தது நேத்தோட சரி" என்றாள். "இன்னிக்கும் அவன் வர்லல்ல. இன்னிக்கு மறுபடி குடுக்கணும். அடிச்சா எடுக்கவும் எடுப்பேன். அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

யாராவது தப்பாகப் போட்டுவிட்ட அழைப்பாக இருந்தாலும், அவள் முழுதாகப் பேசிவிட்டுத்தான் வைக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள்.

கூடூரில் கடைக்காரர் சொன்னதில் ஒன்றை நான் அப்பாவின் காதில் சொல்லவில்லை. அதனால் அம்மாவுக்கும் தெரியாது. இத்தனை நாள் என்னிடம் மட்டும் இருந்தது.

அண்ணன் ரயிலுக்கும் சோற்றுக்கும் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, ஒரே ஒரு நாணயத்தோடு அந்த பெஞ்சில் இருந்திருக்கிறான். அந்தப் பெட்டி போனில் காசைப் போட்டு நம்பரை அழுத்த வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் காசு கீழே விழுந்துவிடும். விழும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். சாயங்காலம் அதே காசைப் போடுவான். அதுவே விழும். இருட்டிய பிறகு அதே காசு.

"நானே கேட்டேன்ப்பா, டீ குடிக்கிறியான்னு. வேணாம்னுட்டான். 'எங்கம்மா எடுக்கும், அப்ப காசு வேணும்'னான்" என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை விடியலில் லாரி வந்து நின்ற பிறகும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறான். காசு விழுந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைப் பலகைமேல் வைத்து, கண்ணாடி பாட்டிலைக் காட்டி, ஒரு பிஸ்கெட் வாங்கிக் கடித்துக்கொண்டே லாரியில் ஏறிவிட்டான்.

ஒரு ரூபாய்.